பனி நாட்டில் மல்லிகை: கொல்வது குளிரா, அக்கறையா?

செப்டம்பர் பாதி தாண்டினால் போதும். டொரொண்டோவின் ஸ்கார்பரோவிலும், மார்க்கம், பிராம்ப்டன் நகரங்களிலும் தோட்டம் போட்டிருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடும்: ‘மல்லிகையை எப்போது உள்ளே எடுக்கலாம்?’

கோடை முழுவதும் பின்பக்கத் தோட்டத்தில் பூத்த செடி அது. சாமி படத்துக்கு நாலு, தலைக்கு நாலு என்று பறித்த செடி. குளிர் வருவதற்குள் பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுவந்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, வாடினால் உரமும் போடுவார்கள். அப்படியும் மார்ச் மாதம் பார்த்தால் தொட்டியில் காய்ந்த குச்சிதான் நிற்கும்.

பழி குளிர் மீது விழுகிறது. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட செடியைக் குளிர் தொடுவது அபூர்வம். அதிகத் தண்ணீரும், அதிகச் சூடும், வேண்டாத நேரத்தில் போட்ட உரமும்தான் பெரும்பாலும் அதன் உயிரை எடுக்கின்றன. பனிக்காலத்தில் செடிக்குத் தேவை உபசாரம் அல்ல, உறக்கம்.

இழப்பும் சின்னது அல்ல. ஊரிலிருந்து இன்னொரு செடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட முடியாது. ஊர் மண்ணோடு செடி கொண்டுவரக் கனடாவில் அனுமதி இல்லை. மண் இல்லாத செடிக்கும் இறக்குமதி அனுமதியும், நோய் தாக்காத செடி என்ற சான்றிதழும் வேண்டும். அதனால் பல ஆண்டுகளாக வளர்த்த ஒரு மல்லிகைச் செடி போனால், போனதுதான்.

கனடா மட்டுமல்ல, குளிர்காலத்தில் உறைபனி விழும் எந்த நாட்டில் இருப்பவர்களுக்கும் இந்த முறைகள் பொருந்தும். மாதக் கணக்கை மட்டும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உறைபனி என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில் உறைபனியை அறிந்த ஊர் ஊட்டி. அங்கே அரசு தாவரவியல் பூங்காவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மென்மையான மலர்ச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளைப் போட்டு மூடி வைப்பார்கள். இரவில் விழும் பனி இலையில் படாமல் தடுத்தால் போதும், செடி பிழைத்துக்கொள்ளும். காலை வெயில் ஏறினால் பனி கரைந்துவிடும்.

டொரொண்டோவில் அந்தப் போர்வை போதாது. அங்கே பொதுவாக அக்டோபரில் முதல் உறைபனி விழுகிறது. ஜனவரியில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் இரவுகளும் உண்டு. இலை மட்டுமல்ல, மண்ணே உறைந்து கல்லாகிவிடும்.

செடியின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது உறையும்போது உருவாகும் பனித்துகள்கள் செல்களிலிருந்து நீரை இழுத்து, செல் சவ்வைச் சிதைத்துவிடும். மறுநாள் வெயிலில் இலை வெந்ததுபோல் கறுத்துத் தொங்குவது இதனால்தான். மல்லிகை, செம்பருத்தி போன்ற வெப்ப மண்டலச் செடிகளுக்கு பூஜ்யம் வரை கூடப் போக வேண்டாம். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தாலே வளர்ச்சி நின்று, இலை மஞ்சளாகும். அதனால் உறைபனி அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், இரவு 10 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே எடுத்துவிட வேண்டும். டொரொண்டோ கணக்கில் இது செப்டம்பர் பின்பாதி.

மதுரையிலும் மல்லிக்கு ஓய்வு உண்டு

‘எங்கள் ஊரில் மல்லிகை ஆண்டு முழுவதும் சும்மா இருக்காதே, இங்கே மட்டும் ஏன் தூங்க வேண்டும்?’ என்று கேட்கலாம். அங்கேயும் ஓய்வு உண்டு. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்யத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கவாத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்துவார்கள். மார்கழி, தை மாதங்களில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எகிறுவது மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஓய்வுக்குப் பிறகு வரும் புதுத் தளிரில்தான் கோடைப் பூ குலுங்குகிறது.

பனி நாட்டில் அதே ஓய்வு கொஞ்சம் நீளம். காரணம் குளிர் மட்டுமல்ல, வெளிச்சமும்கூட. டிசம்பர் 21-ம் தேதி வாக்கில் மதுரையில் பகல் சுமார் 11.5 மணி நேரம். டொரொண்டோவில் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சூரியனும் தாழ்வாகவே போகும். வெளிச்சம் இல்லாத இலை உணவு தயாரிக்காது. உணவு தயாரிக்காத செடி தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சாத தண்ணீர் தொட்டியிலேயே தேங்கி வேரை அழுக வைக்கும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் தெரியும். அதைப் பார்த்துத் ‘தாகம்’ என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவதோடு கதை முடிந்துவிடுகிறது.

எந்தச் செடிக்கு எந்த இடம்?

எல்லாச் செடியையும் ஒரே ஜன்னலில் அடைக்க வேண்டியதில்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

முதல் வகை, இலையோடு இருக்கும் செடிகள்: மல்லிகை, யாழ்ப்பாணத்தார் செவ்வரத்தை என்று சொல்லும் செம்பருத்தி, நந்தியாவட்டை. இவற்றுக்கு வெளிச்சம் வேண்டும்.

இரண்டாவது வகை, பாதித் தூக்கம் போடும் செடிகள்: ஜெரேனியம், காகிதப்பூ, அரளி. குளிர்ச்சியான, ஓரளவு வெளிச்சம் வரும் இடம் போதும்.

மூன்றாவது வகை, கிழங்காக மண்ணுக்குள் தூங்குபவை: டேலியா, கல்வாழை, கிளாடியோலஸ், கிழங்கு பெகோனியா, சம்பங்கி. இவற்றுக்கு இருட்டே போதும்.

செடியைக் குளிரில் இப்படிக் காப்பது பழைய வித்தை. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டிய ஆரஞ்சரி என்ற மண்டபம் இதற்காகவே உருவானது. தடித்த சுவர், தெற்கு நோக்கிய பெரிய ஜன்னல்கள். தொட்டிகளில் வளரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரஞ்சு, எலுமிச்சை, அரளி, மாதுளை மரங்கள் இன்றைக்கும் அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வருகின்றன. உறைபனி நுழையாமல் இருந்தால் சரி, சூடு தேவையில்லை என்பதுதான் அந்தக் கட்டடத்தின் கணக்கு.

மல்லிகை, செம்பருத்தி: ஜன்னலோரம்

* உள்ளே எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பூச்சி இருந்தால் செடிகளுக்கென்று விற்கும் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். முதல் இரண்டு வாரம் மற்ற வீட்டுச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

* நீண்ட கொடிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம். குறைந்த வெளிச்சத்தில் அவ்வளவு இலையையும் செடியால் தாங்க முடியாது.

* தெற்கு நோக்கிய ஜன்னல்தான் சிறந்த இடம். குளிர்காலச் சூரியன் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அப்படி ஜன்னல் இல்லாவிட்டால், செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்கை 12 மணி நேரம் எரியவிடலாம்.

* ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு நேராக வைக்கவே கூடாது. அந்த உலர்ந்த சூட்டில் சிலந்திப்பேன் வேகமாகப் பெருகும். இரவில் 13 முதல் 18 டிகிரி வரை இருக்கும் அறை நல்லது.

* உள்ளே வந்த முதல் மாதத்தில் இலை கொட்டும். பயப்பட வேண்டாம். வெயிலில் வளர்ந்த இலைகள் நிழலில் பயன்படாது என்பதால் செடியே அவற்றைக் கழித்துவிடுகிறது. பலரும் தண்ணீரை அள்ளி ஊற்றுவது இந்த நேரத்தில்தான்.

* விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கீழ்த்தட்டில் தேங்கிய தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். கிழமைக் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள்.

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை உரம் வேண்டாம்.

கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். இலை முழுக்கக் கொட்டி மொட்டையாக நின்றாலும் தண்டு பச்சையாக இருந்தால் கவலை இல்லை.

ஜெரேனியம், காகிதப்பூ, அரளி: பாதித் தூக்கம்

ஜெரேனியத்தின் தாய்வீடு தென்னாப்பிரிக்கா. வறட்சியைத் தாங்கும் தண்டு அதற்கு. அதனால் மூன்று வழிகளில் காப்பாற்றலாம். தொட்டியோடு ஜன்னலில் வைப்பது ஒன்று. 10 சென்டிமீட்டர் நீளத்தில் போத்து வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, சின்னத் தொட்டியில் நட்டு வைப்பது இன்னொன்று. இதில் இடம் மிச்சம்.

மூன்றாவது வழி பழைய காலத்தது. செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, குளிர்ச்சியான இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிடுவது. மாதம் ஒரு முறை வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் தொங்கவிட வேண்டும். இலையெல்லாம் காய்ந்து குச்சியாகத்தான் தெரியும். மார்ச்சில் தொட்டியில் நட்டால் துளிர்க்கும்.

காகிதப்பூவையும் அரளியையும் 5 முதல் 10 டிகிரி வரை இருக்கும், ஜன்னல் உள்ள கராஜில் வைக்கலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் போதும். காகிதப்பூ இலை உதிர்க்கும், அது இயல்பு. அரளியில் மட்டும் ஓர் எச்சரிக்கை: இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. தவழும் குழந்தையோ, நாயோ பூனையோ இருக்கும் வீட்டில், அவை போகும் இடத்தில் அதை வைக்க வேண்டாம்.

டேலியா, கல்வாழை, சம்பங்கி: இருட்டறை

டேலியாவின் பூர்வீகம் மெக்சிகோ. 1963-ல் அந்நாடு அதைத் தேசிய மலராகவே அறிவித்தது. இதை மல்லிகைபோல முன்கூட்டியே எடுக்கக் கூடாது. முதல் உறைபனியில் இலை கறுக்கும் வரை தரையிலேயே இருக்கட்டும். அதற்குள் கிழங்கு நன்றாகத் திரண்டுவிடும்.

இலை கறுத்ததும் தண்டை 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி மண்வாரியை இறக்கி, சுற்றிலும் நெம்பித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கின் கழுத்து முறியும். கழுத்தை ஒட்டிய பகுதியில்தான் அடுத்த ஆண்டுக்கான முளைக் கண் இருக்கிறது. கண் இல்லாத கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது.

மண்ணை உதறி, சில நாள் நிழலில் தலைகீழாகக் காயவிடுங்கள். பிறகு அட்டைப்பெட்டியில் லேசான ஈரம் உள்ள மரத்தூள், கோகோபீட், வெர்மிகுலைட் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பரப்பி, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் புதைத்து வையுங்கள். கையில் பிழிந்தால் தண்ணீர் வரக் கூடாது, அவ்வளவுதான் ஈரம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து அழுகிவிடும். நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். மே மாதத்தில் எல்லாக் கிழங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வைக்கும் இடம் 4 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒன்டாரியோவின் பல வீடுகளில் முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே, பேஸ்மென்ட்டை ஒட்டி ‘கோல்ட் ரூம்’ என்று ஒரு சிற்றறை இருக்கும். அதுவே போதும். ஃபர்னஸ் இருக்கும் அறை ஆகாது. அந்தச் சூட்டில் கிழங்கு சுருங்கும், அல்லது ஜனவரியிலேயே முளைத்துவிடும். ஒரு சாதாரண வெப்பமானியை அறையில் தொங்கவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை.

கல்வாழைக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். ஆனால் அது முழுக்க உலர்ந்துபோகக் கூடாது. கிளாடியோலஸ் இதற்கு நேர் எதிர். இரண்டு மூன்று வாரம் நன்றாக உலர்த்தி, அடியில் சுருங்கிக் கிடக்கும் பழைய கிழங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதை வெங்காயம் வரும் வலைப்பையில் தொங்கவிட வேண்டும். கிழங்கு பெகோனியாவையும் உலர்த்தியே வைக்க வேண்டும். சம்பங்கிக் கிழங்குக்கு மற்றவை அளவு குளிர் ஆகாது. சற்று வெதுவெதுப்பான, உலர்ந்த அலமாரி அதற்குப் பொருத்தம்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு

கோல்ட் ரூமும் கராஜும் இல்லாதவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. வெளிச்சமான ஜன்னலை மல்லிகைக்குக் கொடுத்துவிடுங்கள். ஜெரேனியத்துக்குப் போத்து போதும். கிழங்குப் பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய, ஹீட்டர் படாத அலமாரியின் தரையில் வையுங்கள். பால்கனியில் எவ்வளவு போர்த்தி வைத்தாலும் தொட்டி மண் உறைந்துவிடும். தரையில் இருக்கும் வேரைவிடத் தொட்டியில் இருக்கும் வேருக்குக் குளிர் சீக்கிரம் எட்டும். எல்லாப் பக்கமும் காற்று படுவதுதான் காரணம்.

மாதம் ஒரு முறை போதும்

செடி தூங்கும்போது தினமும் எட்டிப் பார்ப்பதைவிட, மாதம் ஒரு தேதியைக் குறித்து வைத்துப் பார்ப்பது நல்லது. கிழங்கில் மெத்தென்று அழுகல் இருந்தால் அந்தப் பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, காயவிட்டு, தனியாக வையுங்கள். சுருங்கியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்கலாம். நோட்டில் தேதி போட்டு, ‘எத்தனை நல்லது, எத்தனை அழுகல்’ என்று எழுதினால், எந்த இடம் சரியான இடம் என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்துவிடும்.

எழுப்பும் காலம்

பிப்ரவரி கடைசியில் பகல் நீள்வதைச் செடி உணரும். மல்லிகையில் சின்னத் தளிர் தெரிந்தால் கவாத்து செய்து, தேவைப்பட்டால் தொட்டி மாற்றி, தண்ணீரை மெதுவாகக் கூட்டுங்கள். உரம் மார்ச்சில், அதுவும் பாதி அளவில் தொடங்கட்டும். ஏப்ரலில் டேலியாக் கிழங்கைத் தொட்டியில் நட்டு வெளிச்சத்தில் வைத்தால், தரைக்குப் போகும்போது ஓர் அடி வளர்ந்திருக்கும்.

இங்கேதான் அடுத்த ஆபத்து. ஏப்ரலில் திடீரென்று ஒரு வாரம் இளவெயில் அடிக்கும். எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோக மனசு துடிக்கும். அடுத்த வாரமே உறைபனி விழும். ஆறு மாதம் காப்பாற்றிய செடி ஒரே இரவில் போய்விடும். டொரொண்டோ தோட்டக்காரர்கள் பொதுவாக விக்டோரியா தினம் வரை காத்திருப்பார்கள். மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமை அது. அந்த நீண்ட வார விடுமுறைக்குப் பிறகுதான் மென்மையான செடிகள் தரைக்குப் போகும். மல்லிகைக்கு இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் நிலைக்க வேண்டும் என்பதால் ஜூன் முதல் வாரம் இன்னும் பத்திரம்.

அப்போதும் நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்து எரியும். முதல் இரண்டு நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று மணி நேரம், பிறகு காலை வெயில் என்று 7 முதல் 10 நாளில் பழக்குங்கள்.

காலண்டரில் குறித்துக்கொள்ள (டொரொண்டோ)

* செப்டம்பர் பின்பாதி: மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை உள்ளே.
* அக்டோபர்: முதல் உறைபனிக்கு முன் ஜெரேனியம் உள்ளே. உறைபனிக்குப் பின் டேலியா, கல்வாழைக் கிழங்கு தோண்டல்.
* நவம்பர் முதல் பிப்ரவரி வரை: உரம் இல்லை, தண்ணீர் குறைவு, மாதம் ஒரு பார்வை.
* மார்ச்: கவாத்து, தொட்டி மாற்றம், பாதி உரம்.
* ஏப்ரல்: கிழங்குகளைத் தொட்டியில் முளைக்க வைத்தல்.
* மே கடைசி, ஜூன் முதல் வாரம்: பழக்கியபின் தோட்டத்தில் நடவு.

குப்பையில் போடும் முன்

இத்தனைக்குப் பிறகும் ஏப்ரலில் மல்லிகை மொட்டைக் குச்சியாக நிற்கலாம். உடனே தூக்கி எறிய வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, மண் உலரும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஜூன் கடைசி வரை பொறுத்திருங்கள். மேலே எல்லாம் போனாலும் அடித்தண்டிலிருந்து துளிர் வருவதுண்டு. அப்படி வரும் புதுக்கிளையில்தான் மல்லிகை பூக்கும்.